நாரை எங்கே வைப்பது?

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தால் வரிசையாகப் பாண்டிகசாலைகள். மிளகும் சுக்கும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கிய, ஓடு வேய்ந்த, கனத்த சுவர்களுள்ள கிடங்குகள். பின்வாசல் காயலைப் பார்க்கும், முன்வாசல் தெருவை. எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் ஒதுங்கத் திணறும் தெரு அது. ஒதுங்க முடியாத இடத்தில் ஹாரன் தொடங்கும்.

ஒரு முறை அடித்த ஹாரன் அங்கே ஒரு முறையோடு முடிவதில்லை. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் மோதும் ஒலியாற்றலில் நூற்றுக்கு 97 பங்கு திரும்பி வந்துவிடும். எதிர்ச்சுவரிலும் அப்படியே. பத்து முறை மோதிய பிறகும் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு மிச்சமிருக்கும். மேலே கூரை இல்லாததால்தான் தெரு பிழைத்திருக்கிறது. ஒலியில் பெரும்பகுதியை வானம் வாங்கிக்கொள்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மோதும் ஒலியில் 80 பங்கை விழுங்கி 20 பங்கை மட்டும் திருப்பித் தரும் ஒரு பொருளைத் தெருவின் ஒரு பக்கச் சுவரில் ஒட்டுகிறோம். ஒலி இரண்டு சுவர்களிலும் ஒவ்வொரு முறை மோதி வருவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், முன்பு ஒரு சுற்றுக்குப் பின் 94 பங்கு மிஞ்சியது. இப்போது 19தான். மறுபக்கமும் ஒட்டினால் 4. முதல் சுவருக்குச் செய்த செலவு 75 பங்கைக் கழித்தது. அதே செலவு இரண்டாவது சுவரில் 15 பங்கைத்தான் கழித்தது. பொருளும் அதே, பரப்பும் அதே, கூலியும் அதே. இடம் மட்டும்தான் வேறு.

ஒலித்தடுப்புச் சுவர்களைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளாகக் கணினியில் நடந்துவரும் ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி இந்த ஒற்றைக் கேள்வியின் விரிவுதான். ஒலியை உறிஞ்சும் பொருள் கையில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை எங்கே வைப்பது?

பொருளைப் பொறுத்தவரை மட்டாஞ்சேரிக்காரர்கள் அதிக தூரம் போகவேண்டாம், தேங்காய் நாரே போதும். 1867-ல் ஜான் ஆஸ்பின்வால் கொச்சியில் தொடங்கிய வணிக நிறுவனம் தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி என்று ஆரம்பித்துப் பிறகு கயிற்றிலும் இறங்கியது. அதன் கிடங்கும் அலுவலகமுமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது. 2012 முதல் கொச்சி-முசிரிஸ் பினாலே கலைக் கண்காட்சி பார்க்க வருகிறவர்கள் அதற்குள் நுழைந்திருப்பார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய கெட்டுவள்ளங்கள்தான் இந்தக் காயலில் ஒரு காலத்துச் சரக்கு வாகனம். 1953-ன் சட்டப்படி அமைந்த கயிறு வாரியத்தின் தலைமையகம் அக்கரையில், எர்ணாகுளத்தில். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி என்றும் நாஞ்சில் நாட்டில் தும்பு என்றும் சொல்லும் அதே நார்தான் இது.

நார் எப்படி ஒலியை உறிஞ்சுகிறது? ஒலி என்பது காற்றின் முன்பின் அசைவு. நார்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் காற்று அப்படி அசையும்போது இழைகளின்மேல் உராய்கிறது. அந்த உராய்வில் ஒலியாற்றல் வெப்பமாகிறது. கையால் தொட்டு உணர முடியாத அளவு வெப்பம். ஒலியே அவ்வளவு சிறிய ஆற்றல்தான்.

இழை மிக நெருக்கமாக இருந்தால் காற்று உள்ளேயே போகாமல் திரும்பிவிடும். மிகத் தளர்வாக இருந்தால் உரசாமலே கடந்துவிடும். நடுவில் ஒரு நல்ல இடம் உண்டு. அதைக் குறிக்கும் அளவுக்குக் காற்றோட்டத் தடை என்று பெயர். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பார்த்தால் கிடைப்பது அதன் தோராய அளவு. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டெலனி, பேஸ்லி என்ற இருவர் பல வகை நார்ப்பொருள்களை அளந்து 1970-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதிர்வெண்ணைக் காற்றோட்டத் தடையால் வகுத்தால் வரும் எண் ஒன்று போதும், அந்தப் பொருளுக்குள் ஒலி எப்படிப் போகும், எவ்வளவு தேயும் என்று சொல்லிவிடலாம். நார் எந்தச் செடியிலிருந்து வந்தது, என்ன நிறம் என்பதெல்லாம் கணக்கில் வராது. இவ்வளவு தாறுமாறாகப் பின்னிய ஒரு பொருள் ஒற்றை எண்ணுக்குள் அடங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

தேங்காய் நாருக்கு ஒரு குறை உண்டு. அது தடி. அதன் இழையின் குறுக்களவு சராசரியாகக் கால் மில்லிமீட்டர். கண்ணாடிக் கம்பளியின் இழை அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தடித்த இழை என்றால் ஒரே எடையில் உராய்வுப் பரப்பு குறைவு. அதனால் நாரைக் கனமாக வைக்கவேண்டும். மலேசியாவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஃபுலாதி குழுவினர் சந்தையில் வாங்கிய நாரைக் குழாயில் அடைத்து அளந்து 2011-ல் வெளியிட்ட முடிவு இது. 20 மில்லிமீட்டர் கனத்தில் நார் 1360 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியில் சராசரியாக 80 சதவீதத்தை விழுங்கியது. 45 மில்லிமீட்டர் ஆக்கியதும் அதே திறன் 578 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிட்டது. பிசின் கலந்து ஆலையில் தயாரித்த நாரோ வெறும் நாரைவிட மோசம், ஏனென்றால் பிசின் சந்துகளை அடைத்துவிடுகிறது. மெத்தைக்கு நல்லது ஒலிக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

சாலை இரைச்சலின் உச்சம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸில். கார் ஹாரனின் அடிச்சுரம் 400, 500 அளவில். நாரின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிற எண்கள் இவை. இதைச் சமாளிக்கப் பழைய வித்தை ஒன்று உண்டு. நாரைச் சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்துவது. கெட்டியான சுவரை ஒட்டிய காற்று அசையமுடியாது. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால் அங்கே அசைவு உச்சத்தில் இருக்கும், உரசலும் அங்கேதான். 500 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் 17 சென்டிமீட்டர் சொச்சம். காசில்லாமல் கிடைக்கும் காற்று, காசு கொடுத்து வாங்கிய நாரின் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

இனி சுவர்.

பஜார் ரோட்டில் தடுப்புச் சுவர் யாரும் எழுப்பப்போவதில்லை. கடை வாசலை மறைத்தால் எந்த வியாபாரி விடுவார்? தடுப்புச் சுவரின் இடம் நெடுஞ்சாலை ஓரம், மேம்பாலக் கைப்பிடி, மெட்ரோ ரயிலின் தூக்குப்பாதை. ஆனால் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த நெடுஞ்சாலையும் பஜார் ரோடும் ஒலிக்கு ஒன்றுதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரம் அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்குக்கும் குறைந்தால், ஒலி இரண்டுக்கும் நடுவே பந்தாடப்பட்டு மேலேறிச் சுவரைத் தாண்டிவிடும். ஒரு பக்கம் கட்டிய சுவரின் பயனை மறுபக்கச் சுவர் கொஞ்சம் தின்றுவிடும்.

சுவருக்கு அப்பால் ஒலி எப்படிப் போகிறது என்பதற்கு விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்தோம். ஒற்றைக் கூர்விளிம்பைச் சுற்றி அலை வளைவதற்கான முழுமையான கணிதத் தீர்வை ஜெர்மனியின் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1896-ல் ஒளிக்காக எழுதினார். சாலைப் பொறியாளருக்கு உதவும்படி அதைச் சுருக்கியவர் ஜப்பானியரான மேக்காவா. 1968-ல் அவர் அளந்து வரைந்த ஒற்றை வளைகோட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நேர்வழியைவிடச் சுவரைச் சுற்றிப் போகும் வழி எவ்வளவு கூடுதல், அது அலைநீளத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்தால் போதும். வண்டி கண்ணுக்குச் சரியாக மறையும் அந்த எல்லையிலேயே 5 டெசிபல் குறைந்துவிடும். சுற்றுவழி 17 சென்டிமீட்டர் கூடினால் 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் 13 அல்லது 14 டெசிபல் குறையும். ஆனால் அதே சுவர், அதே 17 சென்டிமீட்டர், லாரி எஞ்சினின் 100 ஹெர்ட்ஸ் உறுமலில் 7 டெசிபல்தான் குறைக்கும். தடுப்புச் சுவர் கட்டிய பிறகும் லாரி வருவது வயிற்றில் தெரிகிறது என்று மக்கள் சொல்வதில் பிழையில்லை.

மேக்காவாவின் கோடு சுவர் எவ்வளவு உயரம் என்பதற்குப் பதில் சொல்லும். அதில் நாரை எங்கே ஒட்டுவது என்பதற்குச் சொல்லாது. அதற்கு ஒலியின் சமன்பாட்டையே நேராகத் தீர்க்கவேண்டும். சுவரின் மேற்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாக் கட்டங்களையும் எப்படிப் பாதிக்கிறது என்று எழுதித் தீர்ப்பது எல்லைக் கூறு முறை. திறந்தவெளி ஒலிக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் முடிவில்லாத வானத்தைக் கட்டம் பிரிக்கவேண்டியதில்லை. ஓர் அலைநீளத்துக்கு ஆறு கட்டமாவது வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 35 சென்டிமீட்டர், ஆகவே கட்டம் ஒன்று 6 சென்டிமீட்டர். 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரமுள்ள சுவரின் ஒரு முகத்துக்கே ஒரு லட்சத்துக்கு மேல் கட்டங்கள். எல்லாம் எல்லாவற்றோடும் பேசினால் ஆயிரம் கோடிக்கு மேல் எண்கள். அவற்றை வைத்துக்கொள்ளவே ஏறத்தாழ 200 ஜிகாபைட் நினைவகம். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் அது பதினாறு மடங்கு. 1987-ல் கிரீன்கார்டும் ராக்லினும் தூரத்துக் கட்டங்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து ஒரே குரலாகப் பாவிக்கும் விரைவுப் பல்முனை முறையைக் கண்டுபிடித்திருக்காவிட்டால், இந்த வேலையைக் கணினி முன் வைத்திருக்கவே முடியாது. அவர்கள் அதைச் செய்தது துகள்களின் ஈர்ப்பையும் மின்விசையையும் கணக்கிட. ஒலிக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஒரே ஒரு அமைப்பைக் கணக்கிட. நமக்கு வேண்டியது சிறந்த அமைப்பு. சுவரில் 100 பலகைகள் பதிக்கலாம், நாருக்குப் பணம் 50 பலகைக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த 50? தேர்வு செய்யும் வழிகள் 1-க்குப் பின்னால் 29 சுழியங்கள். ஒவ்வொன்றையும் நொடிக்கு ஒரு கோடி வீதம் சோதித்தாலும் இந்தப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

தீர்வு இரண்டு தந்திரங்களில் இருக்கிறது. முதல் தந்திரம் கொஞ்சம் பொய். பலகையில் நார் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே அரை நார், கால் நார் என்று கற்பனை நிலைகளை அனுமதிப்பது. அப்போது கணக்கு வழுக்கலாக ஓடும். முடிவில் அரைகுறைகளுக்குத் தண்டனை விதித்து அவற்றை முழு உண்டு அல்லது முழு இல்லை என்ற பக்கம் தள்ளிவிடுவது. பாலங்களிலும் விமானப் பாகங்களிலும் எங்கே உலோகம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கண்டுபிடிக்க டென்மார்க்கின் மார்ட்டின் பென்ட்சோ 1980-களின் கடைசியில் வளர்த்தெடுத்த வழி இது. இடவியல் உகப்பாக்கம் என்று பெயர்.

இரண்டாவது தந்திரம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. ஒரு லட்சம் கட்டங்களில் ஒவ்வொன்றிலும் நாரைக் கொஞ்சம் கூட்டினால் கேட்பவரின் காதில் ஒலி எவ்வளவு மாறும் என்று தெரியவேண்டும். நேர்வழியில் ஒரு லட்சம் தடவை கணக்கிடவேண்டும். ஆனால் ஒலிக்கு ஒரு விசித்திரமான நேர்மை உண்டு. நான் இங்கே பேச நீங்கள் அங்கே எவ்வளவு கேட்பீர்களோ, நீங்கள் அங்கே பேச நானும் இங்கே அவ்வளவே கேட்பேன். நடுவில் எத்தனை சுவர்கள் இருந்தாலும் சரி. 1860-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவிய விதி இது. ஆகவே இரண்டே இரண்டு கணக்குகள் போதும். ஒன்றில் லாரி இருக்கும் இடத்திலிருந்து ஒலி கிளம்புகிறது. இன்னொன்றில் லாரி மௌனம், கேட்பவரின் காதிலிருந்து ஒலி கிளம்பிச் சுவரை நோக்கி வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இந்த இரண்டு ஒலிகளின் அழுத்தங்களைப் பெருக்கினால், அந்தக் கட்டத்தில் நார் வைப்பதன் மதிப்பு அப்படியே கிடைத்துவிடும். லாரிக்கும் நன்றாகக் கேட்கிற, காதுக்கும் நன்றாகக் கேட்கிற இடம்தான் நாருக்குத் தகுந்த இடம். ஒன்றுக்கு மட்டும் கேட்கிற இடத்தில் எவ்வளவு கொட்டினாலும் வீண். லட்சம் கேள்விகளுக்குப் பதில் இரண்டு விடைத்தாள்களில்.

இந்த வழியில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டியூரிங், யென்சன், சிக்மண்ட் ஆகிய மூவரும் 2008-ல் வெளியிட்ட முடிவு துறையில் பேர்பெற்றது. வழக்கமான நேர்ச்சுவரோடு ஒப்பிட்டால், கணினி வடிவமைத்த ஒற்றைச் சுவர் நிழல் பகுதியில் 10 டெசிபல் வரை கூடுதலாகக் குறைத்தது. இரண்டு சுவர்களாக இருந்தபோது ஏறத்தாழ 30. சீனாவின் ஹெஃபெய் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லைக் கூறு முறையையும் இந்த உகப்பாக்கத்தையும் சேர்த்து, சுவரின் வடிவத்தைத் தொடாமல் உறிஞ்சு பொருளின் பரவலை மட்டும் தேடினார்கள்.

வருகிற படங்களைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரே அதிர்வெண்ணுக்குக் கணக்கிட்டால் சுவரில் பட்டை பட்டையாக, கைத்தறித் துண்டு மாதிரி, நார் உள்ள வரியும் இல்லாத வரியும் மாறி மாறி வரும். அந்த வரிகள் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் நிற்கும் இடங்களின் அச்சு. ஹாரனின் சுரம் கொஞ்சம் மாறினால் வரிகளும் நகர்ந்துவிடும், பழைய அமைப்பு உதவாமல் போகும். எனவே யாரும் ஒற்றைச் சுரத்துக்குச் சுவர் கட்டுவதில்லை. பல அதிர்வெண்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அப்போது வரிகள் கரைந்து, பொறியாளர் ஏற்கெனவே சந்தேகித்த இடங்களில் நார் சேர்கிறது: எதிர்ச்சுவரைப் பார்த்த முகத்தில் ஒலி முதலில் மோதும் பகுதி, பிறகு சுவரின் உச்சி விளிம்பு. விளிம்பைத் தாண்டித்தானே எல்லா ஒலியும் போகவேண்டும்? ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் சுவரின் தலையில் உறிஞ்சும் உருளை ஒன்றை வைத்து 1990-களிலேயே இதைக் காட்டியிருந்தார்கள். கணினி அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எவ்வளவு அங்கே, எவ்வளவு இங்கே என்ற பங்கீட்டை மட்டும் சொன்னது. அந்தப் பங்கீடு கையால் வராது.

தடுப்புச் சுவருக்குச் சதுர மீட்டர் விலையில் டெண்டர் கேட்டால் இந்த அறிவு முழுவதும் வீண். பரப்பு எவ்வளவு என்று கேட்கிற தாளில் எங்கே என்ற கட்டம் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கணினியிடம் காதை எங்கே வைப்பது என்று நாம்தான் சொல்லவேண்டும். இரண்டாவது கணக்கில் ஒலி கிளம்பும் அந்தக் காது யாருடையது? மட்டாஞ்சேரியில் கீழே கடை, மாடியில் குடும்பம். கீழே கல்லாவில் இருப்பவரின் காதுக்குக் கணக்கிட்டால் ஒரு படம். மாடி ஜன்னலருகே தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதுக்கு வேறு படம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65, குடியிருப்புக்கு 55 டெசிபல் என்று பிரிக்கின்றன. ஒரே கட்டிடத்தின் இரண்டு மாடிகளுக்கு எந்த எண்? மத்தியப் பிரதேசத்தின் சிவ்னி மாவட்டத்தில், பெஞ்ச் காட்டை ஊடுருவும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒலியையும் வெளிச்சத்தையும் மறைக்கும் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். அங்கே காது புலியுடையது, மானுடையது. சாலைக்கு அடியில் விட்ட வழியாக அவை பயப்படாமல் கடக்கவேண்டும் என்பதே நோக்கம். புலி எந்த உயரத்தில் கேட்கிறது என்பது அங்கே நியாயமான பொறியியல் கேள்வி.

கணினி எந்த ஒலியைக் குறைக்கிறது என்பதும் அப்படித்தான். அது கூட்டிக் கழிப்பது அழுத்தத்தின் வர்க்கத்தை. ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில் தலைமுறைகளாகத் தமிழ் வண்ணார்கள் நடத்தும் தோபிகானாவில் துணி கல்லில் அறையும் சத்தமும், யூதத் தெருவில் 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டின் மணியும், பாங்கொலியும், லாரி ஹாரனும் அதற்கு ஒன்றே. வேண்டாத ஒலிக்குள்ள அதிர்வெண்களுக்கு அதிக எடை, வேண்டியவற்றுக்குக் குறைந்த எடை என்று சொல்லிக்கொடுக்கலாம்தான். அந்த எடைகளை எழுதப்போகிறவர் யார் என்பது கணிதத்தில் இல்லை.

மழைக்கு வருவோம். கொச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை. நனைந்த நாரில் சந்துகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். காற்று அசைய இடமிராது, உறிஞ்சல் விழும். தேங்காய் நாருக்கு ஒரு பலம், இழையைக் கெட்டிப்படுத்தும் லிக்னின் அதில் அதிகம். உப்புத் தண்ணீரிலும் எளிதில் மக்காது. கப்பல் கயிறாக இருந்தது அதனால்தான். ஆனால் மக்காமலிருப்பது வேறு, ஈரமாக இருந்தும் ஒலியை விழுங்குவது வேறு. முகத்தில் துளைத் தகடு, மேலே சாய்வுத் தொப்பி, அடியில் வடிகால், தீப்பிடிக்காமல் ஒரு பூச்சு என்று சேர்த்தால்தான் வெளியே வைக்கலாம். ஒவ்வொரு சேர்க்கையும் அந்த ஒற்றை எண்ணை, காற்றோட்டத் தடையை, கொஞ்சம் மாற்றும். உச்சி விளிம்புதான் கணினிக்கு மிகப் பிடித்த இடம், மழைக்கும் மிகப் பிடித்த இடம் அதுவே. ஜூனில் இருக்கும் நாரும் ஜனவரியில் இருக்கும் நாரும் கணக்கில் இரண்டு பொருள்கள். இரண்டுக்கும் சேர்த்துத் தேடினால், வறண்ட நாருக்கு மட்டும் தேடியதைவிட உச்சியில் கொஞ்சம் குறைவாகவும், மழைச்சாரல் எட்டாத உள்முகத்தின் நடுப்பகுதியில் கொஞ்சம் கூடுதலாகவும் நார் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கலாம்.